ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிறவி’ என்று இருந்தால் க்ளெய்ம் போய்விடுமா?

கேள்வி: பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேனுங்க. தலைவலி, பார்வை மங்கல் என்று ஊட்டுக்காரியைக் கோவைக்குக் கூட்டிப் போனோம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று மூக்கு வழியாக ஆபரேஷன் நடந்தது. பாலிசி எடுத்து இது மூன்றாவது வருடம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘கிஸ்ஸிங் கரோடிட்ஸ், கன்ஜெனிட்டல் வேரியன்ட்’ என்றிருப்பதைக் காட்டி, பிறவி நோயை மறைத்துவிட்டோம் என்று க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த வரி நோயைச் சொல்லவில்லை, பிறவியிலேயே வந்த அமைப்பு வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனிகள் பிட்யூட்டரிக்கு இருபுறமும் ஏறிப் போகின்றன. சிலருக்கு அவை வளைந்து நடுவில் நெருங்கி வந்துவிடும். அதனால் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆனால் மூக்கு வழியாகப் போகும் சர்ஜன் அந்த இடைவெளியில்தான் எலும்பைத் திறக்க வேண்டும். தமனியில் கருவி பட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ரேடியாலஜிஸ்ட் எழுதி வைக்கிறார். ஆபரேஷன் கட்டிக்கு, தமனிக்கு இல்லை.

சர்ஜனிடம் இதையே லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட்டில் அந்த வரியை எடுத்துத் தரச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். ஜெயிக்கிற கேஸ் கெட்டுப்போகும்.

மறைத்தீர்கள் என்பதும் நிற்காது. பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டுபிடித்திருந்தாலோ, அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ சொல்லியிருந்தாலோதான் அது முன்பே இருந்த நோய். முன்பு ஸ்கேனே எடுக்கவில்லை என்றால் எதை மறைப்பது? இந்த ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: பழைய ஓ.பி. சீட்டு எதிலாவது பிட்யூட்டரி என்ற பேச்சு இருக்கிறதா?

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, திருப்தி இல்லையென்றாலோ, அடுத்த ஒரு வருடத்துக்குள் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம் (என் தொழிலுக்கு நஷ்டம்தான்). ஆன்லைனில் மனு போடலாம், வீடியோவிலேயே விசாரணை நடக்க வழி உண்டு. தீர்ப்பு பிடிக்கவில்லையா, உங்களைக் கட்டுப்படுத்தாது. திருப்பூர் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே இரண்டு வருடக் கெடு. ஆணையத்தில் கேஸ் நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் மனுவை எடுக்கமாட்டார், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம், கோபத்தில் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். இடைவெளி இல்லாமல் 60 மாதம் ஓடிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, மறைத்தீர்கள் என்று சொல்லி இனி எந்த க்ளெய்மையும் தள்ள முடியாது.