முகத்துக்கு முதலில் நிறம் கொடுத்தவர்

அன்புள்ள ஐயா,

சிறுவயது முதல் நான் காமிக்ஸ் வாசகன். கல்லூரி நாட்களில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, மின்னல் வேகத்தில் ஓடும் அமெரிக்க நாயகன் ஃபிளாஷின் கதைகளைச் சேர்த்தேன். அவற்றில் வரும் சிவப்புத் தலைமுடி கொண்ட வாலி வெஸ்ட் எனக்கு நண்பனைப் போன்றவன். சென்ற மாதம் என் ஒன்பது வயது மகன் அந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுல ஏன் வாலியை வெள்ளைக்காரனா மாத்திட்டாங்க?” என்று கேட்டான். தொலைக்காட்சித் தொடரில் அவன் பார்த்த வாலி கறுப்பின இளைஞன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காமிக்ஸில் வெள்ளையராக இருந்து திரையில் கறுப்பினத்தவராக மாற்றப்பட்டவர்கள் நிக் ஃப்யூரி, கேட்வுமன், ஹெய்ம்டால், ஜானி ஸ்டார்ம், கமிஷனர் கார்டன் என்று பட்டியல் நீள்கிறது. நான் இனவெறியன் அல்லன். ஆனால் மூலத்தில் இருப்பதை மாற்ற இவர்களுக்கு என்ன உரிமை? கறுப்பினத்தவருக்கு நாயகர்கள் வேண்டுமென்றால் அவர்களே புதிதாக உருவாக்கிக்கொள்ளலாமே? நாளை நம் புராண நாயகன் ஒருவனை வெள்ளையனாக்கினால் நாம் ஏற்போமா? என் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகன், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலுக்காக அல்ல, உங்கள் மகனின் கேள்விக்காகவே உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். இளமையில் நம்மோடு கூடவே வந்த ஒருவனை நம் பிள்ளை எடுத்துப் பார்த்து ‘இவன் மாற்றப்பட்டவன்’ என்று சொல்லும்போது நெஞ்சில் எதையோ பிடுங்கியதுபோல இருக்கும். அந்த வலியை எவரேனும் இனவெறி என்று சொன்னால் நான் உங்கள் பக்கம் நின்று வாதாடுவேன். ஆனால் அந்த வலியைச் சுமந்துகொண்டு நீங்கள் போய் நின்ற இடம் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாலி வெஸ்டிலிருந்தே தொடங்குவோம். 1959இன் இறுதியில் அவன் அறிமுகமானபோது, புளூ வேலி என்னும் சிற்றூரில் ஃபிளாஷ் ரசிகர் மன்றத்தின் தலைவனாக இருந்த சிறுவன். தன் நாயகனுக்கு நேர்ந்த அதே மின்னல் விபத்து அவனுக்கும் நேர்ந்து அவனும் வேகம் பெற்றான். அதுவரை ஃபிளாஷாக இருந்த பாரி ஆலன் இறந்தபின் 1986இல் அவனே ஃபிளாஷ் ஆனான். 2011இல் இக்கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் தன் கதையுலகம் முழுவதையும் முதலிலிருந்து தொடங்கியபோது அவனுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. 2014இல் அதே பெயரில் கறுப்பின வேர் கொண்ட ஒரு சிறுவன் வந்தான். அவன் வந்த விதத்தைப் பாருங்கள்: சுவரில் கிறுக்கிப் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திப் போலீஸிடம் மாட்டிக்கொண்டவனாக வந்தான். வெள்ளைச் சிறுவனாக இருந்தபோது ரசிகர் மன்றத் தலைவன், கறுப்புச் சிறுவனானதும் வழிதவறிய பிள்ளை. நிறத்தோடு குற்றத்தையும் சேர்த்துப் பூசினார்கள். நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டிய பக்கம் அது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2016இல் உங்கள் சிவப்பு முடி நண்பனைத் திரும்ப அழைத்துவந்து, இருவரும் உறவினர்கள், ஒரே கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தாங்கியவர்கள் என்று ஒட்டுப்போட்டார்கள். ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கீழிருந்த வாழ்க்கையை வீசியெறிந்ததுதான் அந்த நிறுவனம் செய்த பிழை. அதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடில்லை.

உங்கள் பட்டியலை நான் ஒவ்வொன்றாக எடுத்து விவாதிக்கப் போவதில்லை. கேட்வுமனாக எர்த்தா கிட் என்ற கறுப்பின நடிகை 1967இலேயே தொலைக்காட்சியில் நடித்துவிட்டார், நீங்கள் புத்தகம் சேர்க்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே. புராண நாயகனைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அதே திசையிலான மாற்றம் காமிக்ஸிலிருந்து வந்த படங்களிலேயே பலமுறை நடந்திருக்கிறது. பேட்மேன் கதைகளில் வரும், அரபுப் பெயர் கொண்ட வில்லன் ராஸ் அல் கூலாக 2005இல் லியாம் நீசன் வந்தார். டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் திபெத்திய முதுகுரு 2016இல் டில்டா ஸ்விண்டன் ஆனார். மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றின் மோட்டோகோ குசனாகி பாத்திரத்தில் 2017இல் ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்தார். இவற்றில் ஒன்றும் உங்கள் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு நாள் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள், எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

‘மூலம்’ என்ற உங்கள் சொல்தான் என்னைப் பல நாட்களாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் விஷயம். மூலத்தில் இருந்த நிறம் என்கிறீர்கள். அந்த நிறத்தை அங்கே வைத்தது யார்?

நீங்கள் குறிப்பிட்ட நிக் ஃப்யூரியின் முதல் இதழையே எடுத்துக்கொள்வோம். 1963இல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் அவனை இரண்டாம் உலகப்போரின் சார்ஜென்டாகப் படைத்தபோது, அவனுடைய சிறு படைப்பிரிவில் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சிப்பாயையும் சேர்த்தார்கள். உண்மைப் போரில் அமெரிக்க ராணுவம் கறுப்பினத்தவரைத் தனிப்பிரிவுகளில்தான் வைத்திருந்தது. அந்தப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948இல்தான். ஆகவே அந்தச் சேர்க்கை அவர்கள் அறிந்தே எடுத்த முடிவு. ஆனால் முதல் இதழ் அச்சாகி வந்தபோது கேப் ஜோன்ஸின் முகம் இளஞ்சிவப்பாக இருந்தது. வண்ணம் பிரிக்கும் இடத்தில் இருந்தவர்கள், ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று எண்ணி, அதைத் தாங்களே திருத்திவிட்டார்கள். அவன் கறுப்பினத்தவன்தான் என்று விளக்கி ஸ்டான் லீ அவர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது.

தீய எண்ணத்தோடு எவரும் அதைச் செய்யவில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது. அந்தக் காலத்துக் காமிக்ஸ் அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்று மைகளைப் புள்ளிகளாகவும் முழுப்பூச்சாகவும் கலந்து 64 நிறங்களைத்தான் பெற முடிந்தது. மெல்லிய மஞ்சளோடு மெல்லிய சிவப்புப் புள்ளிகளைச் சேர்த்தால் கிடைப்பதே ‘தோல்’ என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களின் கை பழகிவிட்டது. கிரேயோலா நிறுவனம்கூட அப்படியொரு வண்ணக்குச்சிக்கு ‘சதை’ என்றே பெயர் வைத்திருந்து, 1962இல்தான் அதை ‘பீச்’ என்று மாற்றியது. மனிதன் என்று சொன்னாலே கை தானாக அந்த மையை நோக்கிப் போகும் காலத்தில்தான் உங்கள் ‘மூலங்கள்’ எல்லாம் பிறந்தன.

இந்தக் கையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சிவகாசியில் என் தாய்மாமா ஓர் அச்சகத்தில் பிளேட் போடும் பிரிவில் வேலை பார்த்தார். எனக்குப் பதினொரு வயதிருக்கும். காலாண்டு விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன், காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் பருவம் அது. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமீது மைக்கு ஒன்றாக நான்கு படச்சுருள் தாள்களைப் பரப்பிவைத்து, கண்ணோடு ஒட்டிய லென்ஸ் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மளிகைக் கடைக்காரர் தன் கடைக் காலண்டருக்காகத் தன் சின்ன மகளின் புகைப்படத்தைக் கொடுத்திருந்தார். மாமா மருந்து தொட்ட மெல்லிய தூரிகையால், நீலத்துக்கும் கறுப்புக்குமான தாள்களில் அந்தக் குழந்தையின் முகம் இருந்த இடத்தை மட்டும் தடவித் தடவிப் புள்ளிகளைக் கரைத்தார். லென்ஸை என்னிடமும் கொடுத்தார். மிளகளவு தெரிந்த புள்ளிகள் கடுகாகிக் கசகசாவாகிக்கொண்டிருந்தன. யாராவது அப்படிச் செய்யச் சொன்னார்களா என்று கேட்டேன். “யாரும் சொல்லணுமா மாப்ள? மூஞ்சின்னா பளிச்சுன்னு இருக்கணும்ல?” என்றார்.

மறுநாள் அந்தக் கடைக்காரர் மாதிரி அச்சைப் பார்க்க வந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, “படம் நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா எம்பொண்ணு இல்லையே இது” என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வராமல் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்துக்கொடுத்தார். என் மாமா நல்ல கறுப்பு. நானும் அவர் நிறம்தான். எங்கள் இருவர் தலைகளும் குனிந்திருந்த மேசையில்தான் அந்த முகம் வெளுத்தது, எனக்கும் அதில் தவறாக எதுவும் படவில்லை.

அதனால்தான், ‘அவர்களே உருவாக்கிக்கொள்ளலாமே’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உருவாக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? உருவான பின் அவை என்ன பாடுபட்டன என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா? 1953இல் ஈசி காமிக்ஸ் நிறுவனம் ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்று ஒரு சிறுகதையை வெளியிட்டது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன், வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. பூமியிலிருந்து டார்ல்டன் என்ற விண்வெளி வீரர், எந்திர மனிதர்கள் வாழும் ஒரு கோளைச் சோதிக்க வருகிறார். அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்கள் உயர்ந்த இடத்திலும் நீல நிற எந்திரங்கள் ஒதுக்கப்பட்ட இடத்திலும் இருக்கின்றன. உள்ளிருக்கும் பாகங்கள் எல்லாம் ஒன்றே, மேலுறையின் நிறம் மட்டுமே வேறு. விண்மீன் குடியரசில் சேர இந்தக் கோளுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். கதை முழுதும் தலைக்கவசத்துக்குள் இருந்த அவர் கடைசிக் கட்டத்தில்தான் அதைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பின மனிதர், அவருடைய நெற்றியின் வியர்வைத் துளிகள் தொலைதூர நட்சத்திரங்களைப் போல மின்னுகின்றன.

மூன்றாண்டுகளில் நிலைமை மாறியது. 1954இல் பதிப்பாளர்கள் சேர்ந்து ஏற்படுத்திக்கொண்ட தணிக்கை விதிகளின் கீழ், 1956இல் இந்தக் கதையை மறுபதிப்பாக வெளியிட முற்பட்டபோது, தணிக்கை நிர்வாகியாக இருந்த நீதிபதி சார்லஸ் மர்ஃபி அந்த வீரர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்றார். எந்த இனத்தவரையும் இழிவுபடுத்தவோ தாக்கவோ கூடாது என்று அதே விதிகளில் எழுதியிருந்தது. இழிவே இல்லாத ஒரு முகத்தை அந்த விதிகளைக் காக்க வேண்டியவரே மறுத்தார். கதையே அந்த ஒரு முகத்துக்காக எழுதப்பட்டது என்று ஈசி நிறுவனத்தார் மன்றாடினார்கள். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் இதை ஊரறியச் செய்வேன் என்று மிரட்டிய பிறகே மர்ஃபி இறங்கிவந்தார், அப்போதும் வியர்வைத் துளிகளையாவது எடுத்துவிடுங்கள் என்றார். அவர்கள் ஒரு துளியையும் எடுக்கவில்லை. கதை அப்படியே அச்சாயிற்று. அந்த நிறுவனம் வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் புத்தகம் அதுதான்.

நண்பரே, பாத்திரத்தின் இனத்தை மாற்றுவது பற்றிப் பேச விரும்பினால் இங்கிருந்து பேசுங்கள். கேப் ஜோன்ஸின் முகத்தை வெளுத்த கையும், டார்ல்டனின் முகத்தை வெளுக்க நீண்ட கையும் செயல்பட்ட நாட்களில் வெள்ளையாகவே பிறந்து நிலைபெற்ற நூற்றுக்கணக்கான முகங்களை நீங்கள் மூலம் என்று அழைக்கிறீர்கள். அந்த முகங்கள்மீது எனக்கும் அன்பு உண்டு, அவர்களோடுதான் நானும் வளர்ந்தேன். ஆனால் சார்ஜென்ட் ஃப்யூரியின் அதே பெயரை 2002இல் எழுத்தாளர் மார்க் மில்லரும் ஓவியர் பிரையன் ஹிட்சும் கறுப்பின நடிகர் சாமுவேல் ஜாக்சனின் முக அமைப்போடு படைத்ததையும், 2008இல் அவரே திரையில் வந்து நின்றதையும் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் இதழில் பக்கத்தில் நின்ற சிப்பாயின் முகத்தை எடுத்துக்கொண்டவர்கள், அதே தொடரின் தலைவனிடமிருந்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததாகவே எனக்குப் படுகிறது. இது என் சாய்வு என்றால் சாய்வாகவே இருக்கட்டும். 2014இன் வாலியை நான் ஏற்காததும் அந்த மளிகைக் கடைக்காரர் சொன்ன அதே காரணத்தால்தான்: வரைந்தவர்கள் ஒரு பையனைப் பார்க்காமல், கறுப்புச் சிறுவன் இப்படித்தான் இருப்பான் என்று தங்கள் கை பழகியதை வரைந்தார்கள்.

உங்கள் மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். “மாற்றியது இதுவல்ல, அதுதான்” என்று தயவுசெய்து அவனைத் திருத்தாதீர்கள். அவன் பார்த்த வாலி அவனுக்கு முதல் வாலி, அந்த உரிமை அவனுக்கும் உண்டு. 1959இன் கதையையும் 2016இன் இதழையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, ரசிகர் மன்றத் தலைவனாக இருந்த அந்தச் சிறுவனை நீங்கள் ஏன் நேசித்தீர்கள் என்று அவனிடம் சொல்லுங்கள், அவன் கேட்பான். ‘ஜட்ஜ்மென்ட் டே’ ஏழெட்டுப் பக்கக் கதைதான், மறுபதிப்புகளில் கிடைக்கிறது. இன்னும் ஓரிரு ஆண்டுகள் போகட்டும், பிறகு அதையும் அவனிடம் கொடுங்கள். முன்கூட்டி எதுவும் சொல்லிவைக்காதீர்கள். கடைசிக் கட்டத்துக்கு அவன் தானாக வந்து சேரட்டும். அந்த வியர்வைத் துளிகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

அன்புடன்.