கொறங்காடு குத்தகைக்கு எடுக்கும்முன்

கேள்வி: திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் 5 ஏக்கர் கொறங்காடு (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு) ஒரு வருடக் குத்தகைக்கு வருகிறது. எங்களிடம் 40 செம்மறி இருக்கின்றன. போதுமா? எதைப் பார்த்து விலை பேசுவது?

பதில்: வருடம் முழுக்க என்றால் போதாது. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான்கு குச்சிகளைக் கட்டி, மீட்டருக்கு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். காட்டில் பத்து இடங்களில் அதைப் போட்டு, தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டுப் புல்லை அறுங்கள். செழிப்பான இடமாகப் பொறுக்காமல் பாறை, மேடு, மர நிழல் எல்லாவற்றிலும் போட வேண்டும். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து எடை போடுங்கள்.

பத்துக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ தேறுகிறது என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர் என்பதால் சுமார் 600 கிலோ. மிதிபடுவதும் சாணி, மூத்திரம் படுவதும் போகப் பாதிதான் ஆட்டின் வாய்க்குப் போகும். 5 ஏக்கருக்கு 1,500 கிலோ. 30 கிலோ எடையுள்ள ஓர் ஆடு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிலோ காய்ந்த தீவனம் தின்னும். 40 ஆட்டுக்கு நின்ற புல் 37 நாள்தான் வரும். மழைக்குப் பின் தழைவதையும் கோடையில் உதிரும் வேலங்காயையும் சேர்த்தாலும், இந்த அளவு புல்லுள்ள 5 ஏக்கரில் வருடம் முழுக்க நிம்மதியாக நிற்கக்கூடியது பத்து உருப்படி. மீதிக்குக் கடலைக்கொடி, சோளத்தட்டு வாங்கும் செலவையும் சேர்த்துத்தான் குத்தகைத் தொகை கட்டுப்படியாகுமா என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் காடு பேச்சுக்கு வருவது சித்திரை, வைகாசியில். தரையில் புல்லே இருக்காது. அப்போது தூரை, அதாவது புல்லின் வேரோடு நிற்கும் அடிக்கட்டையைப் பாருங்கள். கொறங்காட்டின் முக்கியப் புல்லான கொழுக்கட்டைப் புல்லின் தூர், எடுத்து வைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் ஒன்றாவது உயிரோடு இருந்தால் மழைக்கு எழுந்துவிடும். தூரே இல்லாமல் பார்த்தீனியமும் துத்தியும் காய்ந்து நின்றால், முந்தைய குத்தகைதாரர் ஒட்ட மேய்த்துவிட்டார் என்று அர்த்தம். பாதி விலைக்கும் வேண்டாம்.

அடுத்தது கிளுவை வேலி, அதாவது கிளுவை முள்மரத்தை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி. சுற்றிலும் நடந்தே பாருங்கள். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது அடிக்கடி நடக்கிறது. நாய் நுழையும் சந்து ஒன்று இருந்தாலும் இராத்தங்கலுக்கு அந்தக் காடு ஆகாது. அந்த இடைவெளியை அடைக்கும் முள்ளும் கூலியும் யார் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்கும்முன்பே பேசிவிடுங்கள். தண்ணீரும் அப்படியே. கோடையில் 40 ஆட்டுக்கு நாளுக்கு 200 லிட்டராவது வேண்டும்; தொட்டி இருக்கிறது என்பது பதிலாகாது, வைகாசியில் அதில் தண்ணீர் விழுமா என்று கேளுங்கள்.

எடுத்தபின் காட்டை மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். மழை பெய்ததும் வாசல் படலைத் திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் அவசரப்படாதீர்கள். புல் முழங்கால் உயரம் வரட்டும்; ஒரு பங்கையாவது விதை உதிரும்வரை தொடாமல் வையுங்கள்.

கேள்வி: குத்தகையை எழுதிக்கொள்ள வேண்டுமா? வாய்ப்பேச்சே இங்கு வழக்கம்.

பதில்: எழுதுங்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதனால்தான் பலரும் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள். பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் முதலில் பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் ஆடு உள்ளே போனபின் தகராறு வரும்.

பத்திரத்தில் சர்வே எண், தொகை, தவணை, உருப்படி எண்ணிக்கை, தண்ணீர், வண்டித்தடம் இருக்கட்டும். வேலங்காய் யாருக்கு என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். கோடையில் சண்டை வருவது அதற்குத்தான். இடையில் நிலம் காற்றாலைக்கோ சோலாருக்கோ விற்கப்பட்டால் மீதி மாதத்துக்கான பணம் எப்போது திரும்பும் என்பதும் வேண்டும்.

கேள்வி: மழைக்குப் பின் புதுக் காட்டில் விட்ட சில நாளிலேயே கொழுத்த குட்டிகள் துள்ளி விழுந்து செத்தன. புல்லில் விஷமா?

பதில்: நீங்கள் சொல்வது துள்ளுமாரி போலத் தெரிகிறது. இளம்புல்லைத் திடீரென வயிறு நிறையத் தின்னும்போது குடலில் இருக்கும் கிருமி பெருகி நச்சைக் கக்கும். நன்றாகத் தின்னும் கொழுத்த குட்டிதான் முதலில் போகும். செத்த குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். முதல்முறை போடும் குட்டிகளுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் இன்னொரு ஊசி வேண்டும். காலையில் சோளத்தட்டு போட்டுவிட்டு, முதல் நாலைந்து நாள் ஓரிரு மணி நேரம் மட்டும் மேயவிடுங்கள்.

பக்கத்தில் அறுத்த சோளக்காடு இருந்து, மறுதாம்பு (அறுத்த தாளிலிருந்து மறுபடி கிளம்பும் பயிர்) துளிர்த்திருந்தால் அது வேறு ஆபத்து. வாட்டத்தில் இருக்கும் இளஞ்சோளத்தில் சயனைடு நச்சு உண்டு. தின்ற சிறிது நேரத்தில் மூச்சிரைத்து விழும். உடனே மருத்துவர் வந்து தயோசல்பேட் ஊசியை ரத்தக்குழாயில் போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: ஊர் மேய்க்கால் புறம்போக்கைக் குத்தகைக்குத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது அரசு நிலம். தனியாள் யாரும் குத்தகைக்கு விட முடியாது.