2.4ஆ 5ஆ? ரூட்டர்ல எத வைக்கிறது?

கேள்வி: கீழ ஹால்ல டூயல் பேண்ட் ரூட்டர் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை), 100 எம்பிபிஎஸ் பிளான். ஹால்ல ஃபுல் ஸ்பீடு வருது, மாடி ரூம்ல 10 கூட தாண்டல. புதுசா வாங்குன ஸ்மார்ட் பிளக்கும் கனெக்ட் ஆக மாட்டேங்குது. செட்டிங்ஸ்ல ஸ்மார்ட் கனெக்ட், சேனல், 20/40/80/160னு என்னென்னமோ இருக்கு, எத வைக்கணும்?

மொதல்ல அந்த ஸ்மார்ட் கனெக்ட்ட ஆஃப் பண்ணுங்க. அது ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேர வச்சு எந்த போன் எதுல போகணும்னு ரூட்டர் தள்ளிவிட பாக்கும், ஆனா கடைசில முடிவு பண்றது போன் தான், அது மாடி ஏறுன பிறகும் தேஞ்சுபோன 5 சிக்னலயே புடிச்சு தொங்கிட்டு இருக்கும், உங்க மாடி பிரச்சனைல பாதி இதுவா இருக்க வாய்ப்பு அதிகம். ஆஃப் பண்ணிட்டு 2.4க்கு ஒரு பேர், 5க்கு ஒரு பேர் வைங்க, ஹால்ல 5, மாடில 2.4. ஸ்மார்ட் பிளக்ல பெரும்பாலும் 2.4 மட்டும் தான் இருக்கும், அதனால செட்டப் பண்றப்போ போனையும் 2.4ல போட்டுக்கோங்க. அப்பவும் வரலன்னா செக்யூரிட்டில டபிள்யூபிஏ3 (வைஃபையோட புது பாதுகாப்பு முறை) மட்டும்னு இருக்கானு பாருங்க, இருந்தா டபிள்யூபிஏ2க்கு மாத்துங்க.

அடுத்து சேனல், அதாவது ஒரு பேண்டுக்குள்ள இருக்குற பாதை. 2.4ல நம்ம ஊர்ல 13 சேனல் இருக்கு, ஆனா ஒண்ணுக்கொண்ணு 5 மெகாஹெர்ட்ஸ் தான் இடைவெளி, சிக்னலோ 20 அகலம், அதனால 1, 6, 11னு தள்ளி வச்சா தான் மோதாம நிக்கும். சேனல் காட்டுற வைஃபை ஆப்ல பாத்துட்டு "3 காலியா இருக்கே"னு நிறைய பேர் அங்க போய் உக்காருவாங்க, அது தப்பு. பக்கத்து வீட்டு ரூட்டரும் நீங்களும் ஒரே சேனல்ல இருந்தா ஒண்ண ஒண்ணு கேட்டு மாத்தி மாத்தி பேசிக்கும், பாதி மட்டும் மோதுற சேனல்ல இருந்தா அவங்க பேசுறது உங்களுக்கு வெறும் இரைச்சல் தான், அதுவும் 3ல இருந்தா 1, 6 ரெண்டு பக்கத்துலயும் இடி. அகலம், அதாவது அந்த 20/40/80/160, இங்க 20லயே வைங்க, 40 போட்டா 2.4ல பாதி இடத்த நீங்களே அடைச்சிருவீங்க.

5ல அகலம் 80, சேனல் 36 இல்ல 149, ரெண்டையும் போட்டு பாத்து நல்லா வர்றத வைங்க. வெளிநாட்டுல வாங்குன சில பழைய போனுக்கு 149 தெரியாது, அப்ப 36 தான். 160 ஆசையா தான் இருக்கும், ஆனா 36ல ஆரம்பிச்சா 64 வரைக்கும் ஓடும், அதுல 52ல இருந்து ரேடாரோட பங்கு போட்டுக்குற இடம், ரூட்டர் 1 நிமிஷம் காது குடுத்து கேட்டுட்டு தான் அங்க பேசவே ஆரம்பிக்கணும், ரேடார் சிக்னல் வந்துட்டா உடனே காலி பண்ணனும், வைஃபை திடீர்னு காணாம போகும். உங்க 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு அது தேவையும் இல்ல.

இவ்ளோ பண்ணியும் மாடில திருப்தி இல்லன்னா கான்கிரீட் தளம் குறுக்க நிக்குதுனு அர்த்தம், செட்டிங்ஸ்ல அதுக்கு மருந்து கெடையாது. ரிப்பீட்டர் வாங்காதீங்க, சிக்னல ஒரே பேண்ட்ல வாங்கி அதுலயே திருப்பி அனுப்புற ரகமா இருந்தா ஸ்பீடு பாதியாயிடும். ஒரு லேன் கேபிள மாடிக்கு இழுத்து, சும்மா கெடக்குற பழைய ரூட்டர் இருந்தா ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல (கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா குடுக்குற மோட்) போடுங்க, 2.4ல கீழ சேனல் 1 இருந்தா மேல 11.