ஈரநிலத்தை மீட்கும்போது ஊர்மக்களை ஏன் உள்ளே விடுவதில்லை?
ஈரநில மீட்பு என்றால், சீரழிந்த சதுப்பிலோ ஏரியிலோ நீர்வரத்தைச் சரிசெய்து, புல்லும் மீனும் பறவையும் திரும்ப வரச் செய்வது. புதிதாகச் சிமெண்ட் பூசிய தரையைக் காயும்வரை மிதிக்க விடமாட்டோம் இல்லையா, வேலியும் அதற்குத்தான். ஆள் நடமாட்டம் அதிகமானால், தரையில் கூடு கட்டும் பறவை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும்.

சரி, மேய்ச்சலும் பிழைப்பும் போய்விடுமோ என்ற ஊர்க்காரர்களின் பயம்? அதில் நியாயம் இருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள பறவைகள் வாழும் ஈரநிலத்தில் 1982-இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்புறம், எருமைகள் தின்றுவந்த நீர்ப்புல் மண்டி, வாத்துகள் நீந்தும் திறந்த நீர்ப்பரப்பையே அடைத்தது. மேய்ப்பவர்களை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் ஓர் ஈரநிலம் சேர்ந்தாலே யாரும் நுழையக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் கேட்பது அளவறிந்த பயன்பாட்டை, தடை போடுவது உள்நாட்டுச் சட்டங்கள்.