வாரத்தில் இரண்டு அரை மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. எட்டு மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. இன்னும் குழந்தை பெறாத எனக்கு மார்பில் பால் கசிகிறது. ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) 310 நானோகிராம் என்றும், பிட்யூட்டரி சுரப்பியில் 12 மில்லிமீட்டர் கட்டி என்றும் பரிசோதனைகளில் தெரியவந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொன்ன டாக்டர், அரை மில்லிகிராம் கேபர்கோலின் மாத்திரையைப் பாதியாக்கி, வாரத்தில் இரண்டு இரவுகள் போடச் சொல்லியிருக்கிறார். மூளைக் கட்டிக்கு இது போதுமா? எவ்வளவு காலம் போட வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் ஒரு திருத்தம். பிட்யூட்டரி இருப்பது மூளைக்குள் அல்ல, அதன் அடியில் உள்ள சிறிய எலும்புக்குழியில். அங்கே வரும் இவ்வகைக் கட்டிகள் புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது.

புரோலாக்டின் சுரப்பை இயல்பாகவே அடக்கி வைப்பது மூளையிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள். கட்டியாக வளர்ந்த பிறகும், புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி செல்கள் பெரும்பாலும் டோபமைனின் சொல்லைக் கேட்கின்றன. கேபர்கோலின் அதே டோபமைனின் வேலையைச் செய்வதால், சில வாரங்களிலேயே புரோலாக்டின் இறங்கத் தொடங்கும். அதன் பின்னால், மாதக் கணக்கில், கட்டியும் சுருங்கும். மருந்து உடலில் பல நாட்கள் தங்குவதால் தினமும் விழுங்கத் தேவையில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கேபர்கோலின் எடுத்த பெண்களில் 83 சதவீதத்தினருக்கும், பழைய மருந்தான புரோமோகிரிப்டின் எடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்கும் புரோலாக்டின் சீரானது. உங்களுக்குத் தந்திருப்பது தொடக்க அளவு. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் அதைக் கூட்டக்கூடும்.

கட்டி 'கரைந்துவிடும்' என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. மருந்தால் செல்கள் பெரும்பாலும் சிறுத்துப்போகின்றனவே தவிர, எல்லாம் மடிந்துவிடுவதில்லை. அதனால்தான் அவசரப்பட்டு நிறுத்தினால் புரோலாக்டின் மீண்டும் ஏறுகிறது. பொதுவாக, குறைந்தது இரண்டு ஆண்டுகள் மருந்தெடுத்து, புரோலாக்டின் சீராக நிலைத்து, எம்.ஆர்.ஐ.யிலும் கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்த பிறகே, படிப்படியாக நிறுத்திப் பார்ப்போம். அப்போதும் சிலருக்குத் திரும்பி வருகிறது.

ஒரு கண்ணை மூடி நேராகப் பார்க்கும்போது பக்கவாட்டில் ஆட்டும் விரல் தெரியவில்லை என்றாலோ, திடீரென்று கடும் தலைவலி வந்தாலோ, சிகிச்சை தொடங்கிய பின் மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு போன்ற புதிய உந்துதல்கள் தோன்றினால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது மருந்தின் விளைவாக இருக்கலாம்.

மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரக்கூடும். ஆகவே, 'இன்னும் மாதவிலக்கு வரவில்லையே' என்று அசட்டையாக இருந்தால் கருத்தரிக்க வாய்ப்புண்டு. குழந்தை வேண்டுமானாலும் வேண்டாமென்றாலும் இப்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

தொடக்கத்தில் குமட்டலும், எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பும் வரலாம். சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகும் நேரத்தில் மாத்திரையைப் போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் குமட்டலுக்கென்று மருந்துக் கடையில் கேட்டு நீங்களாக டொம்பெரிடோன் வாங்கிப் போடாதீர்கள். பல வாயு, அமில மாத்திரைகளிலும் அது சேர்ந்தே வருகிறது, அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். அது டோபமைனைத் தடுத்துப் புரோலாக்டினை ஏற்றும் மருந்து.