ஊக்கு குத்திய பேன்ட்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நீங்கள் வழக்கமாக எழுதும் விஷயங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. தயங்கித்தான் கேட்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்கும் கடனுக்கும் போய்விடும். துணிக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் அலமாரி மட்டும் நிரம்பி வழிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். சட்டையும் டிஷர்ட்டுமாக 31. அதில் திரும்பத் திரும்பப் போடுவது ஐந்தைத்தான். எல்லாமே இந்த இரண்டு வருடத்தில் தள்ளுபடியில் வாங்கியவை. தினமும் காலையில் அலமாரி முன்னால் நின்று எரிச்சல்படுகிறேன்.

இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது ஒரு சாம்பல் நிற பேன்ட். இடுப்பு தளர்வாக இருக்கும், இரண்டு வருடமாக உள்பக்கம் ஓர் ஊக்கு குத்திப் போட்டுக்கொள்கிறேன். கடுகு நிறத்தில் ஒரு சட்டையும் இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைத்தது, எந்த பேன்ட்டோடும் சேரவில்லை, ஒரே ஒரு முறை போட்டேன்.

இணையத்தில் 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்று, ஒன்றோடொன்று சேரும் சில உடைகளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பட்டியல் போடுகிறார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு பிளேசர், ஒட்டக நிறத்தில் நீளமான கோட். அதையெல்லாம் வாங்க எனக்கு ஒரு வருடச் சேமிப்பு வேண்டும். ஸ்டைல் என்பது காசு உள்ளவர்களுக்கு மட்டும்தானா? இதையெல்லாம் யோசிப்பதே அற்பமோ என்றும் தோன்றுகிறது. அடுத்த மாதம் ஒரு பெரிய தள்ளுபடி விற்பனை வருகிறது. போகலாமா, வேண்டாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

அற்பமில்லை. ஒரு நாளின் முதல் அரைமணி நேரத்தை தினமும் கெடுக்கிற விஷயம் எப்படி அற்பமாகும்? இதில் எனக்கு உண்மையிலேயே ஆர்வம் உண்டு. என் பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள், அது வேறு.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த ஊக்குதான். பிடித்த ஒரே பேன்ட்டை இரண்டு வருடமாக ஊக்கு குத்திப் போடுகிறீர்கள். அதே இரண்டு வருடத்தில் அதிகம் போடாத 26 துணிகளுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அவற்றில் இரண்டை வாங்காமல் விட்டிருந்தால் அந்த இடுப்பை ஒரு தையல்காரர் எப்போதோ பிடித்துக் கொடுத்திருப்பார். துணிக் கணக்கில் நாம் எல்லோரும் செய்கிற தப்பு இது. வாங்குவதற்குக் காசு ஒதுக்குவோம், வாங்கியதைச் சரிசெய்ய ஒதுக்கமாட்டோம்.

காசு உள்ளவர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். இன்றைய கோட்டு சூட்டின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் போ பிரம்மல் என்ற ஆங்கிலேயரிடமிருந்து தொடங்குவார்கள். 1778இல் பிறந்தவர், பிரபு வம்சம் கிடையாது. பிரபுக்கள் பட்டும் பூவேலையும் பவுடர் பூசிய தலையுமாக வளர்ந்த காலம் அது. இவர் கருநிறக் கோட்டு, வெள்ளை வெளேரென்ற லினன் சட்டை என்று இரண்டையும் பிடித்துக்கொண்டார். கோட்டு உடம்பில் அப்படிப் பொருந்தியிருக்கும். தினமும் குளிப்பார், அன்றைக்கு அதுவே பேச்சு. அவருடைய தையல்காரர்கள் ஒன்றும் மலிவானவர்கள் அல்லர். ஆனால் பார்த்தவர்கள் மயங்கியது வெட்டுக்கும் சுத்தத்துக்கும்தான், சரிகைக்கு அல்ல. சரி, மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சூதாட்டக் கடன் முற்றி 1816இல் பிரான்சுக்கு ஓடினார். 1840இல் அங்கே ஒரு மனநோயாளிகள் இல்லத்தில் ஏழையாகச் செத்துப்போனார். அளவு விஷயத்தில் அவரைப் பின்பற்றலாம், வரவு செலவு விஷயத்தில் கூடாது.

அளவு என்றால் எல்லாமே இறுக்கமாக இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தளர்வான துணிக்கும் அளவு உண்டு. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா, கைநீளம் மணிக்கட்டில் முடிகிறதா, பேன்ட்டின் கால் செருப்புக்குமேல் சுருண்டு கிடக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

என் முதல் மேடைப் பேச்சுக்கு ஒரு கோட்டு வாங்கினேன். இரண்டு அளவு பெரியது. என் அளவில் இருப்பு இல்லை, பெரியதுக்குத்தான் தள்ளுபடி. அந்தப் படத்தில் எனக்கு விரல் நுனிகள் மட்டும் இருக்கின்றன, கை இல்லை. பல வருடம் கழித்து அதை ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். கையை ஒன்றரை அங்குலம் ஏற்றினார், பக்கவாட்டில் பிடித்தார். தோளையும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். "தோளைத் தொட்டா மொத்தக் கோட்டையும் பிரிக்கணும் சார். அந்தக் காசுக்கு வேற கோட்டே வாங்கிடுங்க" என்றார். வேலையை வேண்டாம் என்று சொல்லும் தையல்காரர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அன்று அவரிடம் கற்றதை இன்றும் கடையில் நினைவில் வைத்திருக்கிறேன். சட்டை, கோட்டு வகையில் தோள் பொருந்தினால் மட்டும் வாங்குவது. உடம்பு தொளதொளவென்று இருந்தால் பக்கத் தையலில் பிடித்துக்கொள்ளலாம். பேன்ட், பாவாடை வகையில் புட்டமும் தொடையும் பொருந்த வேண்டும். இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் எளிய வேலைகள். இடுப்புக்கும் கவட்டைக்கும் நடுவில் உள்ள உயரம் சரியில்லை என்றால் அந்த பேன்ட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அதை எந்தத் தையல்காரரும் லேசில் சரிசெய்ய முடியாது. சின்னதைப் பெரிதாக்குவது இன்னும் கடினம். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்களோ அவ்வளவுதான் பிரித்துவிட முடியும். மலிவான ரெடிமேடில் அங்கே ஒன்றுமே இருக்காது. கடையிலேயே துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்ளே விட்டிருக்கும் துணியும் தையலின் நெருக்கமும் ஓரங்கள் அடித்திருக்கும் விதமும், தயாரித்தவருடைய யோக்கியதையை விலைச்சீட்டைவிட நன்றாகச் சொல்லிவிடும்.

இன்னொன்று. பருத்தித் துணியைத் துவைக்காமல் தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். துணியை வெட்டுவதற்கு முன்பே இயந்திரத்தில் சுருங்கவைக்கும் முறையை சான்ஃபோர்ட் கிளூயட் என்ற அமெரிக்கர் 1930 வாக்கில் கொண்டுவந்தார். சில துணிகளில் 'சான்ஃபரைஸ்டு' என்று போட்டிருப்பது அவர் பெயரால்தான். அப்படி ஒன்றும் போடாத பருத்தி சுருங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்கால் நீளம் 75 செ.மீ. உள்ள பேன்ட் 4 சதவீதம் சுருங்கினால் 3 செ.மீ. போயிற்று. கணுக்கால் எட்டிப் பார்க்கும்.

இனி அந்த 31. எதையும் தூக்கிப் போட வேண்டாம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று சொல்கிறவர்கள் புதிதாகத் தொடங்கக் காசு உள்ளவர்கள். அடிக்கடி போடும் ஐந்தையும் எடுத்துக் கட்டில்மேல் வையுங்கள். அவற்றுக்குள் என்ன ஒற்றுமை? நிறமாக இருக்கலாம், காலர் வடிவமாக இருக்கலாம், இஸ்திரி தேவைப்படாததாகவும் இருக்கலாம். என்னுடையதில் இப்படிப் பார்த்தபோது ஆறில் ஐந்து நீலம். எனக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் ரசனை ஏற்கெனவே அந்த ஐந்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிக் கிடைக்காது.

அந்தப் பட்டியல்களின் கதையும் சுவையானதுதான். 1970களில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபாக்ஸ் என்ற பெண்மணிதான் 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்பதைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கின் டோனா கரன் ஒன்றோடொன்று சேரும் ஏழே உடைகள் என்று ஒரு தொகுப்பை வெளியிட்டார், பெரிய வரவேற்பு. அவை அந்த ஊர்களின் குளிருக்கும், அந்தப் பெண்கள் பார்த்த வேலைக்கும் யோசித்தவை. ஒட்டகக் கோட்டு பட்டியலுக்குள் வந்தது இப்படித்தான். உங்கள் வாழ்க்கையில் அதற்கு வேலை இல்லையென்றால் அதை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம்.

பட்டியலை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போட 4, கீழே போட 3, எல்லாம் எல்லாவற்றோடும் சேரும் என்றால் 12 ஜோடி. இன்னொரு மேல்சட்டை சேர்த்தால் ஒரேயடியாக 15. உங்கள் கடுகுச் சட்டை எந்த பேன்ட்டோடும் சேராததால் அது கூட்டியது பூஜ்யம். பாதி விலை என்றீர்கள். ஒரு முறை போட்ட சட்டைக்கு அது முழு விலையைவிட அதிகம். (கடுகு நிறமே தப்பு என்று சொல்லவில்லை. கருநீல பேன்ட் ஒன்று இருந்தால் அதற்கு மோட்சம் கிடைக்கலாம். ஆனால் சட்டைக்காக பேன்ட் வாங்கப் போனீர்கள் என்றால் நான் எழுதியது வீண்.)

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழே போடுவதெல்லாம் சாம்பல், கருநீலம் போன்று அடக்கமாக இருக்கட்டும், மேலே உங்கள் இஷ்டம். பருத்தியில் கறுப்பு மட்டும் யோசித்து வாங்குங்கள், வெளுக்கத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். கடை விளக்கில் கறுப்பாகத் தெரிவது வெளியே வந்தால் கருநீலமாக இருக்கும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள்.

துணியின் தரத்துக்கு விலை சாட்சியாகாது. பெரிய பெயருள்ள சட்டை ஒன்று மூன்றாவது துவைப்பில் கோணிக்கொண்டு போனதும் என் அனுபவத்தில் உண்டு. கையால் பார்ப்பதுதான் வழி. டிஷர்ட்டில் ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால் அது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 140 பக்கம் இருந்தால் மெல்லியது, உடம்பின் மேடுபள்ளமெல்லாம் தெரியும். 180க்கு மேல் போனால் துணி தானாக நின்று விழும். எதுவும் போடாவிட்டால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பாலியெஸ்டர் கலந்த பின்னலாடைகளில் கொஞ்ச நாளில் பஞ்சுப் பொட்டுகள் எழும்பும். பருத்தியிலும் எழும்பும், ஆனால் உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் இழை வலுவானது என்பதால் பொட்டை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மரக்கூழிலிருந்து வரும் விஸ்கோஸ், அதாவது ரேயான், அழகாக வழிந்து விழும். ஆனால் நனைந்தால் அதன் வலுவில் பாதி போய்விடும், முறுக்கிப் பிழிந்தால் கதை முடிந்தது. பருத்தி நேர் எதிர், நனைந்தால்தான் அதற்கு பலம் கூடும். பேன்ட்டில் இழுபடும் எலாஸ்டேன் கலந்திருந்தால் சூடு ஆகாது. கொதிக்கும் நீரும் இஸ்திரிப் பெட்டியின் முழு வெப்பமும் சேர்ந்து முழங்காலைப் பை மாதிரி தொங்கவிட்டுவிடும்.

நல்லதாக ஒன்றே ஒன்று வாங்கு, பத்து வருடம் உழைக்கும் என்ற அறிவுரையையும் கேட்டிருப்பீர்கள். கணக்காக அது சரிதான். மூன்று மடங்கு விலையில் வாங்கிய பேன்ட்டை 150 தடவை போட்டால், ஐந்து தடவை போட்ட மலிவுச் சட்டையைவிட அது மலிவு. ஆனால் அந்த மூன்று மடங்கை முதல் நாளே எடுத்துவைக்க வேண்டுமே. கையில் இல்லாதவரிடம் அதைச் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நடுவில் இருக்கும் வழி, ஒருவர் போட்டுக் கழித்த நல்ல துணி. கூச்சம் இல்லையென்றால் அதைப் போல லாபம் வேறில்லை. சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயம் போயிருக்கும். இதற்குமேல் அது ஏமாற்றாது. அக்குள், தொடையிடுக்கு, காலர் மடிப்பு, முழங்கை, ஜிப் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். கம்பளியாக இருந்தால் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். அளவுச்சீட்டை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றில் லார்ஜ். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து தோள், மார்பு, நீளம் மூன்றையும் அளந்து போனில் குறித்துவைத்து, அளவுநாடாவோடு போங்கள்.

வீட்டில் துணியை உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள், பாதி ஆயுள் அதிலேயே கூடிவிடும். புதுத் துணியைப் போடுவதற்கு முன்பே அதன் பொத்தான்களை இன்னொரு தடவை நூல் போட்டு இறுக்கிவிடுங்கள். அப்புறம் காலணி. தோலாக இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், உள்ளே ஈரம் காய வேண்டும்.

தள்ளுபடி விற்பனைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. முதல் வேலையாக அந்தச் சாம்பல் பேன்ட்டை இடுப்பு பிடிக்கக் கொடுங்கள். வாங்கி வந்து ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அப்புறம் விற்பனைக்கும் அதையே போட்டுக்கொண்டு போங்கள். அங்கே எந்தச் சட்டையை எடுத்தாலும் உடைமாற்றும் அறைக் கண்ணாடியில் அந்த பேன்ட்டோடு சேர்த்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் வாங்குங்கள். ஒன்றும் நன்றாக இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினால் எனக்கு எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் போடுகிறேன்.

அன்புடன்.