மகரந்தத் துகள் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளின் அறிவியல் கண்காட்சிக்காகச் செம்பருத்தி மகரந்தத்தைத் தண்ணீரில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். துகளிலிருந்து நீள வேண்டிய மகரந்தக்குழல் வளரவே இல்லை, சில துகள்கள் வெடித்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: தண்ணீரையும் பூவையும் மாற்றுங்கள். மகரந்தத் துகளுக்குள் சர்க்கரையும் உப்புகளும் செறிந்திருக்கும். வெறும் தண்ணீரில் விழுந்தால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே பாய்ந்து, உப்பி வெடித்துவிடும். பூவில் மகரந்தம் வந்து ஒட்டும் நுனியான சூலகமுடி தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறது. மழையில் நனைந்த பூக்கள் சரியாகக் காய் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே சூலகமுடியின் வேலையைச் செய்ய ஒரு கரைசல் வேண்டும். வீட்டுச் சர்க்கரையே போதும். 10 கிராமைக் கரைத்து, மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். குழலின் சுவர் உறுதியாக வளர போரானும் தேவை. அதற்குப் போரிக் அமிலம், 100 மி.லி.க்கு வெறும் 10 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவை நிறுப்பது கஷ்டம். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் 1 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து, அதில் 1 மி.லி. மட்டும் சர்க்கரைக் கரைசலில் சேர்க்கட்டும். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் வேண்டாம், அதில் வேறு மாவு கலந்திருக்கலாம்.

செம்பருத்தித் துகள் பெரிதாக, முள்முள்ளாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இத்தகைய கரைசலில் எளிதில் முளைக்காது. காசித்தும்பைதான் என் தேர்வு. காலையில் புதிதாக மலர்ந்த பூவைப் பறித்து, நடுவில் தொப்பி போல ஒட்டியிருக்கும் மகரந்தப்பைகளை ஸ்லைடில் உள்ள சொட்டின் மேல் மெதுவாகத் தட்டுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் குழல் நீளத் தொடங்கிவிடும். 1824இல் இத்தாலிய அறிவியலாளரான அமிச்சி பருப்புக்கீரைப் பூவில் முதன்முதலாகக் கண்ட அதே காட்சி! சொட்டு காய்ந்தால் செறிவு ஏறிவிடும் என்பதால், இடையிடையே ஸ்லைடை ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் வைக்கவும்.

அப்புறம், குழலைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். சர்க்கரையை மட்டும் 0, 5, 10, 15, 20 சதவீதம் என்று மாற்றி, போரிக் அமிலம், பூ, நேரம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 100 துகள்களை எண்ண வேண்டும். துகளின் விட்டத்தைவிடக் குழல் நீண்டிருந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு. வெடித்தவற்றுக்கும் அட்டவணையில் தனிப் பத்தி போடச் சொல்லுங்கள். எந்தச் செறிவில் வெடிப்பது குறைகிறது, எதில் முளைப்பது கூடுகிறது என்று இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரைந்து காட்டலாம்.